கல்லில் படிந்த சிறகு: மரமேறிய பழங்கால ஊர்வன காற்றில் சறுக்கினவா?

ஜெர்மனியின் நடுப்பகுதியில், செம்புக்காகப் பல நூற்றாண்டுகள் தோண்டப்பட்ட ஒரு கரிய பாறைப் படலம் இருக்கிறது. பெயர் குப்ஃபர்ஷீஃபர். செம்புப் பலகைக்கல் என்று சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பாறையிலிருந்து வந்த ஒரு சின்ன எலும்புக்கூடு, ஓட்டோ யேக்கல் என்ற தொல்லுயிரியலாளரின் கைக்குப் போனது. பார்த்தால் ஓணான் மாதிரி ஒரு பிராணி. ஆனால் உடம்புக்குப் பக்கத்தில் மெல்லிய எலும்புக் குச்சிகள் வரிசையாகக் கிடந்தன. ஓணானுக்கு எதற்கு அப்படிக் குச்சிகள்? அதே பாறையில் மீன் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைக்கும். ஆகவே ஏதோ ஒரு மீனின் துடுப்பு முட்கள் தற்செயலாக மேலே வந்து படிந்திருக்கின்றன என்று அவர் நினைத்தார். எலும்புக்கூடு தெளிவாகத் தெரியட்டும் என்று குச்சிகளைச் செதுக்கி எடுத்தார்.

அப்படி எடுக்கப்பட்டது அந்தப் பிராணியின் சிறகு என்பது பிறகுதான் புரிந்தது.

யேக்கலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலா எலும்பாகவும் இல்லாமல், கையாகவும் இல்லாமல், உடம்பின் ஓரத்திலிருந்து தனியாக நீளும் எலும்புச் சிறகை அதுவரை யாரும் கண்டதில்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. கல்லில் அழுந்திக் கிடக்கும் சில எலும்புகளைப் பார்த்து, 'இந்தப் பிராணி மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கியது' என்று எப்படிச் சொல்ல முடிகிறது? எப்போது சொல்லக் கூடாது?

முதலில் சறுக்குவது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

காகமும் வௌவாலும் பறக்கின்றன. சிறகை அடித்து, தசையின் பலத்தால் உயரத்தைப் பெறுகின்றன. சறுக்கும் பிராணிக்கு அந்தப் பலம் கிடையாது. உயரத்தை அது மரமேறிச் சம்பாதிக்கிறது. பிறகு அந்த உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்து தூரத்தை வாங்குகிறது. பூங்காவில் குழந்தைகள் ஏணியில் ஏறிச் சறுக்குமரத்தில் இறங்குவதைப் போலத்தான். சறுக்குமரம் இருக்கும் இடத்தில் இங்கே காற்று இருக்கிறது.

ஒரு தாளைக் கசக்கிப் பந்தாக்கிக் கீழே போடுங்கள். நேராக விழும். அதே தாளை மடிக்காமல் விரித்துப் போடுங்கள். அசைந்து அசைந்து மெதுவாக இறங்கும், ஆனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதையே காகித விமானமாக மடித்து விடுங்கள். முன்னால் போகும். மூன்றிலும் எடை ஒன்றுதான். விரித்த தாள் காற்றின் தடையால் வேகம் குறைகிறது. காகித விமானத்துக்குத் தடையோடு தூக்குவிசையும் கிடைக்கிறது. சற்றே சாய்ந்த பரப்பு காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தள்ளுகிறது.

விரித்த தாள் மாதிரி இறங்குவதைப் பாராசூட் முறை என்றும், காகித விமானம் மாதிரி போவதைச் சறுக்குதல் என்றும் விஞ்ஞானிகள் பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே வழக்கமாகப் போடும் கோடு 45 பாகை. தரைமட்டத்தோடு ஒப்பிட்டால் 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இறங்கினால் பாராசூட், அதைவிடப் படுக்கையாக இறங்கினால் சறுக்கல். 10 மீட்டர் உயரக் கிளையிலிருந்து 45 பாகையில் இறங்கும் பிராணி 10 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 25 பாகையில் இறங்கினால் 21 மீட்டர் தாண்டும். 15 பாகை என்றால் 37 மீட்டர். கோணம் கொஞ்சம் குறைந்தாலும் அடுத்த மரம் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். காட்டில் வாழும் ஒரு சிறு பிராணிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கீழே இறங்கி, தரையில் காத்திருக்கும் வாய்களைக் கடந்து, மறுபடி மரமேறும் வேலை முழுவதும் மிச்சம்.

அப்புறம், எடை. ஒரு பிராணியை அப்படியே எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். சிறகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். தாங்க வேண்டுமானால் காற்றில் வேகமாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் மரத்தில் மோதும் அடியும் பலமாக இருக்கும். சறுக்கும் ஊர்வன பெரும்பாலும் சிறியவையாக, ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் கணக்காக மட்டும் பார்க்க வேண்டியதில்லை, உயிரோடு பார்க்க முடியும். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆனைமலை, வால்பாறைப் பக்கக் காடுகளிலும் அதை ஒட்டிய பாக்குத் தோப்புகளிலும் பறக்கும் ஓணான் இருக்கிறது. பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. தென்னிந்தியாவில் வாழும் இனத்தின் அறிவியல் பெயர் டிராக்கோ துசுமியேரி. இதன் உறவினங்கள் தென்கிழக்கு ஆசியா முழுக்க 40க்கும் மேல் உண்டு. இந்த ஓணானின் விலா எலும்புகளில் சில ஜோடிகள் மட்டும் அளவுக்கு மீறி நீண்டு, உடம்பைத் தாண்டி வெளியே வந்திருக்கும். அவற்றுக்கு மேல் தோல் போர்த்தியிருக்கும். குடைக் கம்பிகளும் குடைத் துணியும் மாதிரி. ஓய்வாக இருக்கும்போது கம்பிகளைப் பின்னோக்கி மடித்து விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். தாவியதும் விரிக்கும். 60 மீட்டர் வரை சறுக்கியதாகப் பதிவு உண்டு.

2017இல் மாக்சிமிலியன் டேலிங் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதைப் பற்றி வெளியிட்ட ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. மரத்திலிருந்து தாவிய சிறிது நேரத்தில் ஓணான் தன் முன்கைகளைப் பின்னால் கொண்டுபோய், விரிந்த சிறகின் முன் விளிம்பைக் கைகளால் பிடித்துக்கொள்கிறது. இறங்கும்வரை விடுவதில்லை. கையால் இழுத்துச் சிறகின் வளைவையும் திசையையும் மாற்றுகிறது. இவ்வளவு காலம் நம் பக்கத்துக் காட்டிலேயே இருந்த ஒரு பிராணி சிறகைக் கையால் பிடித்துக்கொண்டு பறக்கிறது என்பது இவ்வளவு தாமதமாகத்தான் சரியாகக் கவனிக்கப்பட்டது. வேகமான புகைப்படக் கருவி இல்லாமல் கண்ணுக்குப் பிடிபடாது. இந்தத் தகவல் 25 கோடி ஆண்டு பழைய கல்லைப் படிக்கவும் உதவியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஓணானை மனதில் வைத்துக்கொண்டு புதைபடிவத்திடம் போனால் என்னென்ன கேட்கலாம்? அது மரத்தில் வாழ்ந்ததா என்பது முதல் கேள்வி. விரல்களின் நீளம், நகத்தின் வளைவு, கை கால்களின் விகிதம் ஆகியவை அதற்குப் பதில் சொல்லும். அடுத்து, காற்றைத் தாங்கும் பரப்பு உண்மையிலேயே இருந்ததா? எலும்பு இருந்தால் தோலும் இருந்தது என்று ஆகாது. தோலின் தடம் கல்லில் பதிந்திருந்தால் நல்லது. பரப்பு இருந்தால் அது எந்தத் திசையில் விரிந்தது? டைமெட்ரடான் என்ற, டைனோசர்களுக்கு முந்தைய பெர்மியன் காலப் பிராணிக்கு முதுகில் பெரிய பாய் போன்ற அமைப்பு இருந்தது. செங்குத்தாக நின்ற பாய் அது. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு சாணும் சறுக்க உதவாது. பரப்பு பக்கவாட்டில், இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும்.

மடிக்க முடிந்ததா என்பதும் முக்கியம். மடிக்க முடியாத சிறகோடு கிளைகளுக்கு நடுவே ஓடி ஒளிய முடியாது. கடைசியாக, எடை எங்கே, சிறகு எங்கே? காகித விமானத்தின் வாலில் ஒரு கிளிப்பைச் செருகிவிட்டுப் பாருங்கள். மூக்கு மேலே தூக்கி, தடுமாறி விழும். பிராணியின் எடை மையமும் தூக்குவிசையின் மையமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைந்தால்தான் அது சீராகப் போகும்.

இனி யேக்கல் செதுக்கிய அந்தப் பிராணிக்குத் திரும்பலாம்.

அந்த எலும்புக்கூட்டை 1930இல் யோஹனெஸ் வைகெல்ட் விவரித்தார். தலையின் பின்புறம் முள்முள்ளான ஒரு மகுடம் இருந்ததால் அவருக்குப் பச்சோந்தி நினைவுக்கு வந்தது. பெயரையும் அப்படியே வைத்தார். பிறகு பெயர் மாறி, இப்போது அதை வைகெல்டிசாரஸ் என்கிறோம். இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1926இல், பிரெஞ்சு ஆய்வாளர் ஜான் பிவெட்டோ மடகாஸ்கரில் கிடைத்த இன்னொரு பிராணிக்குக் கோயிலுரோசாரவஸ் என்று பெயர் சூட்டியிருந்தார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெளிவானது. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பு, பெர்மியன் காலத்தின் கடைசிப் பகுதியில், இன்றைக்குச் சுமார் 26 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவை வாழ்ந்தன. முதுகெலும்புள்ள விலங்குகளில் காற்றில் சறுக்கியதாக நாம் அறிந்தவற்றில் இவைதான் மிகப் பழையவை.

குச்சிகள் பிராணிக்கே உரியவை என்று ஏற்றுக்கொண்ட பிறகும், அவை நீண்ட விலா எலும்புகள் என்றே பலர் எண்ணினார்கள். பறக்கும் ஓணானுக்கு அப்படித்தானே இருக்கிறது, இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்ற ஊகம். ஜெர்மனியின் எல்ரிஷ் ஊருக்கு அருகே கிடைத்த ஒரு முழு எலும்புக்கூடு இதை மாற்றியது. எபர்ஹார்ட் ஃப்ரை, ஹான்ஸ் டீட்டர் சூஸ், வோல்ஃப்காங் முங்க் ஆகிய மூவரும் 1997இல் அதை ஆராய்ந்து எழுதினார்கள். விலா எலும்புகள் வழக்கமான அளவில், வழக்கமான இடத்தில் இருந்தன. சிறகின் கம்பிகள் அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனியாக இருந்தன. ஒரு பக்கத்துக்கு இருபதுக்கும் மேல். அதாவது, உடம்பின் வேறு எந்த எலும்பையும் கடன் வாங்காமல் புதிதாக முளைத்த சிறகு. பறவை கையைச் சிறகாக்கியது. வௌவால் விரல்களை நீட்டியது. பறக்கும் ஓணான் விலாவைக் கொடுத்தது. வைகெல்டிசாரஸ் எதையும் கொடுக்கவில்லை. நான்கு கால்களும் அதற்கு மரமேற மிச்சம் இருந்தன.

எங்கிருந்து முளைத்தன என்பதிலும் ஒரு முன்னேற்றம் உண்டு. 2022இல் வாலன்டின் புஃபாவும் அவருடைய சகாக்களும் மடகாஸ்கர் எலும்புக்கூடுகளை மீண்டும் பார்த்தார்கள். சிறகுகள் முதுகோரத்தில் இல்லை, வயிற்றோரத்தில் கீழே இருந்தன என்று அவர்கள் வாதிடுகிறார்கள். பழைய ஊர்வனவற்றின் வயிற்றில் 'வயிற்று விலா' எனப்படும் மெல்லிய எலும்புகள் இருக்கும். முதலைகளுக்கு இன்றும் உண்டு. அவைதான் சிறகுக் கம்பிகளாக மாறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இன்னொன்றும் சொன்னார்கள். இதன் முன்கையும் நகங்களும் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், நம் பறக்கும் ஓணானைப் போலவே இதுவும் சிறகின் முன் விளிம்பைக் கையால் பிடித்திருக்கலாம். 2017இல் பாக்குத்தோப்பு ஓணானிடம் பார்த்தது 25 கோடி ஆண்டுக்கு முந்தைய எலும்பில் பொருள் தந்தது.

நீண்ட விரல்கள், பிடிப்பதற்கேற்ற வளைந்த நகங்கள், ஒல்லி உடம்பு, பக்கவாட்டில் விரியும் பெரிய பரப்பு, மடிக்கும் வசதி. எல்லாக் கேள்விகளுக்கும் இந்தக் குடும்பம் பதில் சொல்கிறது. இவை சறுக்கின என்று நான் தயங்காமல் சொல்வேன்.

பெர்மியன் முடிவில், சுமார் 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, பூமி கண்ட மிகப் பெரிய பேரழிவு வந்தது. வைகெல்டிசாரஸ் குடும்பம் அதற்குப் பிறகு காணப்படவில்லை. அடுத்து வந்த டிரையாசிக் காலத்தில், இவற்றோடு நெருங்கிய உறவு இல்லாத வேறொரு கூட்டம் மறுபடி அதே வேலையைத் தொடங்கியது. இம்முறை விலா எலும்புகளால்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் கிடைத்த கியூனியோசாரஸை 1962இல் விவரித்தவர் பமீலா ராபின்சன். லண்டனைச் சேர்ந்த இவருக்கு இந்தியாவோடு நெருக்கமான தொடர்பு இருந்தது. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அதன் நிறுவனர் மஹலனோபிஸின் அழைப்பின் பேரில் தொல்லுயிரியல் ஆய்வைத் தொடங்கி வைத்தவர்களில் இவர் முக்கியமானவர். கோதாவரிப் பள்ளத்தாக்கில் இந்திய மாணவர்கள் டைனோசர் எலும்பு தேடப் போனதற்குப் பின்னால் இவருடைய உழைப்பு இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இந்தப் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை. வர வேண்டிய பெயர்.

கியூனியோசாரஸின் முதுகெலும்புகளில் இருந்து பக்கவாட்டில் நீண்ட முனைகள் வெளியே வந்திருக்கும். அவற்றின் நுனியில் கீல் போன்ற மூட்டு. அங்கிருந்து நீண்ட, ஏறக்குறைய நேரான விலா எலும்பு. கதவு கீலில் ஆடுவது போல அந்த விலா பின்னால் மடங்கும், முன்னால் விரியும். வெறுமனே விலா நீளமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் கீல் ஒரு காரணத்தோடுதான் வருகிறது. விரித்து மடிக்கும் தேவை இல்லாத எலும்புக்குக் கீல் எதற்கு?

இதற்கு நெருங்கிய உறவான கியூனியோசுக்கஸ் என்ற பிராணியும் அதே பகுதியில் கிடைத்தது. இரண்டும் சுமார் 70 செ.மீ. நீளம்தான். ஆனால் முதலாவதுக்குச் சிறகு குட்டை, இரண்டாவதுக்கு மிக நீளம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கோன் ஸ்டைன் என்ற ஆய்வாளர் இரண்டுக்கும் உண்மையான அளவில் மாதிரிகள் செய்து, விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார். முடிவு 2008இல் வந்தது. நீண்ட சிறகு கொண்ட கியூனியோசுக்கஸ் நன்றாகச் சறுக்கியிருக்கும். குட்டைச் சிறகு கொண்ட கியூனியோசாரஸ் செங்குத்தாகத்தான் இறங்கியிருக்கும், பாராசூட் போல. நான் முன்பு சொன்ன 45 பாகைக் கோடு ஒரே குடும்பத்துக்கு நடுவே விழுகிறது! ஒரு பிராணிக்குச் சிறகு இருந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தக் கோணத்தில் இறங்கியது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே கூட்டத்தைச் சேர்ந்த அமெரிக்க உறவு இகாரோசாரஸ். நியூ ஜெர்சியில் ஒரு கல்குவாரியில் பதின்வயதுப் பையன்கள் மூவர் கண்டெடுத்தார்கள். எட்வின் கோல்பெர்ட் 1966இல் அதற்குப் பெயர் சூட்டினார். மெழுகுச் சிறகோடு சூரியனுக்கு அருகே பறந்து விழுந்த கிரேக்கப் புராணத்து இகாரஸின் பெயர் அது. அந்த ஒற்றை எலும்புக்கூடு பல ஆண்டுகள் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்து, பிறகு தனியார் கைக்குத் திரும்பி, 2000இல் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவர் அதை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். கொடுத்திருக்காவிட்டால் ஒரு முழுப் பேரினத்தின் ஒரே நல்ல சான்று யாருடைய வீட்டு அலமாரியிலோ இருந்திருக்கும். நினைத்தாலே பதறுகிறது.

வேறு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இல் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஒன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் உள்ள குவாரியில் கிடைத்த நீண்ட கழுத்துப் பிராணி, மெசிஸ்டோட்ராக்கெலோஸ். எலும்பு பாறையிலிருந்து பிரிக்க முடியாதபடி மெல்லியது. மருத்துவமனையில் எடுப்பது போல சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் உள்ளே இருந்த விலாச் சிறகைப் பார்த்தார்கள். இன்னொன்று சீனாவின் லியோனிங் மாகாணத்தில், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலப் பாறையில் கிடைத்த சியாங்லாங். வாலோடு சேர்த்து 15.5 செ.மீ. இது உண்மையான பல்லியினம். நீண்ட விலாக்களோடு தோல் சவ்வின் தடமும் கல்லில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. பறக்கும் ஓணானைப் பார்த்தவர்கள் இந்தக் கல்லைப் பார்த்தால் ஒரு கணம் அதுதானோ என்று நினைப்பார்கள். ஆனால் இரண்டும் தனித்தனியாகவே இந்த அமைப்புக்கு வந்தவை.

இனிமேல்தான் சிக்கலான பகுதி.

கிர்கிஸ்தானின் தென்மேற்கில், ஃபெர்கானா பள்ளத்தாக்கின் ஓரத்தில் மதிகென் என்ற இடம் இருக்கிறது. பூச்சிப் புதைபடிவங்களுக்குப் பேர்போன இடம். பூச்சிகளைத் தேடிப்போன சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷரோவ் அங்கே 1960களில் இரண்டு விசித்திரமான ஊர்வனவற்றைக் கண்டார். இரண்டும் சறுக்கியதாகச் சொல்லப்பட்டவை. ஒன்றின் வழக்கு இன்றும் நிற்கிறது, மற்றொன்றின் வழக்கு விழுந்துவிட்டது.

முதலாவது ஷரோவிப்டெரிக்ஸ். டிரையாசிக் காலத்தது. இதன் பின்கால்கள் உடம்பைவிட நீளம். பின்கால்களுக்கும் வாலுக்கும் நடுவே தோல் சவ்வு இருந்த தடம் கல்லில் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே பரப்பு இருந்ததா என்ற கேள்விக்கு இடமே இல்லை. ஆனால் சிறகு பின்னால் இருக்கிறது! வேறு எந்தச் சறுக்கும் பிராணிக்கும் முதன்மைச் சிறகு பின்காலில் இல்லை. கால்களை இரு பக்கமும் விரித்தால் மேலிருந்து பார்க்க முக்கோணமாகத் தெரியும். நம் தேஜஸ் போர் விமானத்தின் சிறகு போல. 2006இல் காரெத் டைக்கும் வேறு இருவரும் எழுதிய ஆய்வு இதை இப்படியே 'டெல்டா சிறகுச் சறுக்கி' என்று வர்ணித்தது.

இங்கே எடைக் கணக்கு நெருக்குகிறது. தூக்குவிசை பின்னால் கிடைக்க, தலையும் நீண்ட கழுத்தும் முன்னால் தொங்கினால், பிராணி தலைகுப்புறக் கவிழும். கவிழாமல் இருக்க இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. கால்களை முன்னோக்கி வீசி விரித்துச் சிறகின் மையத்தை முன்னால் நகர்த்தியிருக்கலாம். அல்லது முன்கைகளிலும் ஒரு சின்னச் சவ்வு இருந்து, சில விமானங்களின் மூக்கருகே இருக்கும் குட்டிச் சிறகு போல மூக்கைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். பிரச்சினை என்னவென்றால், இந்த இனத்துக்கு உலகத்திலேயே ஒரே ஒரு புதைபடிவம்தான் உண்டு. அதில் முன்கைகள் சரியாகத் தெரியவில்லை. ஆக, சறுக்கியது என்பது மிகவும் நம்பத்தக்கது. எப்படிச் சமநிலை காத்தது என்பது ஊகம். இந்த இரண்டையும் கலந்து, முன்கைச் சவ்வையும் சேர்த்து அழகான வண்ணப்படமாக வரைந்துவிடும்போது, படிக்கிறவருக்கு எது கல்லில் இருந்தது, எது ஓவியர் சேர்த்தது என்று தெரியாமல் போகிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது லாங்கிஸ்குவாமா. 1970இல் ஷரோவ் விவரித்தார். முதுகிலிருந்து ஹாக்கி மட்டை போல நுனி அகன்ற நீண்ட உறுப்புகள் வரிசையாக முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் உடம்பின் நீளத்தோடு போட்டி போடும். இவை என்ன? 1987இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: முதுகின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக இவை இருந்தன, பனையோலை விசிறி போல விரிந்து பிராணியைச் சறுக்க வைத்தன. அழகான யோசனைதான். 2000இல் இன்னொரு குழு, இவை இறகுகளே என்றுகூட எழுதியது. பறவைகளின் பாட்டன் டைனோசர் அல்ல, இது போன்ற மரவாசி ஊர்வனதான் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு இந்தச் சின்னக் கல் பெரிய ஆதாரமாகத் தோன்றியது.

ஆனால் கல்லில் ஒற்றை வரிசைதான் இருக்கிறது. இரண்டு வரிசை இருந்தது என்பது, ஒற்றை வரிசையால் சறுக்க முடியாது என்பதற்காகச் சேர்த்துக்கொண்டது. மதிகெனில் பின்னர் கிடைத்த தனி உறுப்புகளையும் சேர்த்து ஆராய்ந்த ஜெர்மானியக் குழு, இவை முதுகின் நடுவே ஒரே வரிசையில் நின்றவை என்று 2012 வாக்கில் விளக்கியது. டைமெட்ரடான் பாய் போல, செங்குத்தாக.

2025இல் இந்த விவாதத்துக்கு வலுவான துணை வந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் லூயி க்ரோவோஜெல் என்பவர் 1930கள் முதல் சேகரித்து வைத்திருந்த கற்கள் பின்னாளில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அங்கே கவனமாகச் சுத்தம் செய்தபோது, இறகு போன்ற நீண்ட உறுப்புகள் கொண்ட ஒரு முதுகுக் கொண்டையோடு ஒரு சிறு பிராணியின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. சுமார் 24 கோடியே 70 லட்சம் ஆண்டு பழையது. மிராசாரா என்று பெயர். கொண்டை முதுகின் நடுவே ஒற்றை வரிசையாக நிற்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. நிறமித் துகள்களும் அதில் எஞ்சியிருந்தன. கண்ணைக் கவரும் கொடியாக, இணையையோ எதிரியையோ நோக்கி உயர்த்தியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. லாங்கிஸ்குவாமா இதற்கு உறவு என்றும் அவர்கள் காட்டுகிறார்கள். ஆகவே லாங்கிஸ்குவாமா சறுக்கியது என்ற கதை எனக்கு முடிந்துபோன கதை. உறுப்பு நீளமாக, மெல்லியதாக, அழகாக இருந்தது. ஆனால் காற்றைத் தாங்கும் திசையில் இல்லை.

மிராசாரா சேர்ந்திருக்கும் கூட்டத்தின் பெயர் டிரெபனோசார்கள். இந்தக் கூட்டத்தில் இன்னொருவர் மீதும் சறுக்கல் பட்டம் கட்டப்பட்டது. வட இத்தாலியில் கிடைத்து 1980இல் பெயரிடப்பட்ட மெகாலான்கோசாரஸ் அது. பறவை போன்ற கூர்மூக்குத் தலை, பச்சோந்தி போன்ற உடம்பு, எதிரெதிராகப் பிடிக்கும் விரல்கள், கிளையைச் சுற்றும் வால், வாலின் நுனியில் ஒரு நகம்! மரத்தில் வாழ்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சில அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் உடல் விகிதங்களைப் பார்த்து, முன்கைக்கும் உடம்புக்கும் நடுவே சவ்வு இருந்து சறுக்கியிருக்கலாம் என்று 2000 வாக்கில் எழுதினார்கள். அதே சமயத்தில் இத்தாலியின் சில்வியோ ரெனெஸ்டோ புதிய எலும்புக்கூடுகளைக் காட்டி, இது கிளையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, சட்டென்று பூச்சி பிடிக்கும் பச்சோந்தி வகைப் பிராணி என்று வாதிட்டார். எந்த எலும்புக்கூட்டிலும் சவ்வின் தடம் இல்லை. சிறகுக் கம்பியும் இல்லை, கீலும் இல்லை. மரவாசி என்பது சறுக்கலுக்கான முதல் தகுதி மட்டும்தான். மரத்தில் வாழும் எல்லாமே சறுக்குவதில்லை, பச்சோந்தியே சாட்சி. கிளையை இறுகப் பற்றும் உடம்பும் கிளையை விட்டுக் குதிக்கும் உடம்பும் வேறு வேறு வாழ்க்கைக்கானவை. இந்த வழக்கில் நான் ரெனெஸ்டோ பக்கம்.

இந்தச் சறுக்கும் ஊர்வனவற்றில் எதுவும் பறவைகளுக்கோ, டிரையாசிக் வானில் உண்மையாகவே சிறகடித்துப் பறந்த டெரோசார்களுக்கோ மூதாதை என்று நிறுவப்படவில்லை. ஷரோவிப்டெரிக்ஸை டெரோசார்களோடு உறவாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள், இப்போது அதற்கு ஆதரவு குறைவு. வைகெல்டிசாரஸ் குடும்பமும் கியூனியோசார் கூட்டமும் வாரிசு விடாமல் போனவை. சியாங்லாங்கின் சிறகையும் அதற்குப் பிறகு யாரும் பெறவில்லை. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது: ஒருமுறை வயிற்றோரத்துக் குச்சிகளால், சிலமுறை விலாவால், ஒருமுறை பின்காலால்.

ஒரு வேலை மட்டும் மீதமிருக்கிறது. மதிகென் பாறைகளில் இன்றும் பூச்சி தேடிப் போகிறார்கள். அங்கே யாராவது ஒருவர் பலகைக்கல்லைப் பிளக்கும்போது, முன்கைகள் இரண்டும் தெரியும்படி இன்னொரு ஷரோவிப்டெரிக்ஸ் வெளிப்பட்டால், கையோரத்தில் சவ்வு இருந்ததா இல்லையா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.